டைப்-சி லாந்தரில் சார்ஜ் ஏறவில்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள்

டைப்-சி லாந்தர் புது போன் சார்ஜரில் சார்ஜ் ஏற மறுத்தால், உடனே ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி, மறு முனை டைப்-சி என்று இருக்கும் கேபிளில், பழைய 5 வோல்ட் சார்ஜரோடு மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஏறிவிடும்.

இரண்டு முனையும் டைப்-சி என்றால், மறுபக்கம் ஒரு கருவி இருப்பது தெரியும்வரை சார்ஜர் மின்சாரம் விடாது. அதைத் தெரிவிக்க லாந்தருக்குள் இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (சின்ன மின்தடைகள்) இருக்க வேண்டும். விலை குறைந்த லாந்தர்கள் பலவற்றில் அவற்றை வைப்பதே இல்லை. அற்பக் காசு மிச்சம் பிடிக்கிறார்கள், அவதி வாங்குகிறவருக்கு. அகல யூஎஸ்பியில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

சார்ஜரில் டைப்-சி துளை மட்டும்தான் இருக்கிறதா? ஒரு பக்கம் டைப்-சி முனையும் மறுபக்கம் அகல யூஎஸ்பி துளையும் உள்ள ஓடிஜி கனெக்டரை அதில் செருகி, அப்புறம் அதே அகல யூஎஸ்பி கேபிளை மாட்டுங்கள். தேவையான ரெசிஸ்டர் ஓடிஜிக்குள்ளேயே இருக்கிறது.

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் படகிலும் கரையிலும் புழங்கும் லாந்தர் என்றால் முதலில் துளையைப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் எந்தக் கேபிளாலும் பயனில்லை. ஈரம் இருந்தால் நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடவே கூடாது. பேட்டரி உப்பியிருந்தாலும் அப்படித்தான், மாற்றியே ஆக வேண்டும்.