லாவெண்டர் வேரழுகல்: இயற்கை முறையில் தடுக்க முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாவெண்டர் செடி வாடியதும் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே மண் நனைந்திருக்கும்போதே செடி துவண்டு நிற்கும். அதைத் தாகம் என்று எண்ணி ஊற்றும் நீர், வேரழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரிக்கே துணைபோகிறது. ஏனெனில் அதன் வித்துகள் மண்துளைகளில் தேங்கிய நீரில் நீந்தித்தான் புதிய வேர்களை அடைகின்றன. ஐயம் எழுந்தால், செடியை மெல்லப் பெயர்த்து வேரைப் பாருங்கள். நலமான வேர் வெளிறி உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, இழுத்தால் மேல்தோல் உரிந்து வரும்.

மத்தியதரைக் கடற்பகுதியின் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் வளர்ந்து பழகிய இச்செடிக்குத் தொழு உரத்தையும் மண்புழு உரத்தையும் அள்ளிக் கொடுப்பது அன்பினால் செய்யும் பிழை. அவை ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு, தண்டை மென்மையாக்கி நோய்க்கு இடம் தருகின்றன. இலைச்சருகு மூடாக்கைத் தண்டை ஒட்டிப் போடுவதும் அவ்வாறே. சிறு சரளைக்கல் போதும்.

தொட்டியின் அடியில் கற்களைப் பரப்பினால் நீர் வடியும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. உண்மையில், மேலுள்ள நுண்மண் முழுவதும் ஊறிய பிறகே நீர் கற்களுக்குள் இறங்குவதால், ஈரம் வேருக்கு இன்னும் அருகில் தேங்குகிறது. பருமணலையும் சரளையையும் மண் முழுவதும் தாராளமாகக் கலப்பதே சரி. களிமண் நிலத்தில் ஒரு கைப்பிடி மணலால் பயனில்லை; 20 முதல் 30 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி வேண்டும்.

டிரைக்கோடெர்மாவை மருந்தாகக் கருதுவது இன்னொரு தவறு. அது உயிருள்ள பூஞ்சை. நடும்போதே வேர்மண்டலத்தில் குடியேறினால் நோய்க்கிருமிகளோடு போட்டியிட்டுக் காக்கும், ஆனால் அழுகிய வேரை மீட்காது. வெயிலில் வைத்த பொட்டலமும், பூஞ்சைக்கொல்லியுடன் சேர்த்துக் கரைத்த கலவையும் பெரும்பாலும் வீண்.

செத்த செடியை உரக்குழியில் போடாதீர்கள். அது நின்றிருந்த குழியில் புதிய லாவெண்டரையும் நடாதீர்கள், கிருமி மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். கடுங்கோடையில் மண்ணை நனைத்து, கறுப்பு விரிப்புக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பால் 4 முதல் 6 வாரம் இறுக மூடிவைத்தால் மேல்மண்ணிலுள்ள கிருமிகள் வெகுவாகக் குறையும். ஆழத்தில் இருப்பவை தப்பிவிடக்கூடும் என்பதால், அடுத்த செடிக்கு வேறு மேடான இடத்தைத் தேர்வதே நல்லது.