சோலைபாடியை அடையாளம் காண்பது எப்படி?

பாபநாசம், காரையாறு பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். களக்காடு முண்டந்துறைக் காட்டின் அடிவாரத்தில் அருமையான ஒரு பாட்டுக்காரர் குடியிருக்கிறார். அவர்தான் சோலைபாடி என்ற பறவை.

முதலில் ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள். தோப்பிலும் வீட்டோரத்திலும் கறுப்பு வெள்ளையாய், வாலைத் தூக்கிக்கொண்டு திரியும் குண்டுகரிச்சான் இதற்குப் பங்காளி. அதன் உடல்வாகு மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது இடமும் நேரமும். மூங்கிலும் புதரும் அடர்ந்த ஓடையோரப் பாதைதான் சரியான இடம். விடிகிற கருக்கலிலும் பொழுது சாயும்போதும் நன்றாகப் பாடும். வனச் சோதனைச்சாவடி திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

இனி, நின்று கேளுங்கள். குரல் கனமாக, குழைந்து வரும். நடுநடுவே மற்றப் பறவைகளின் குரலையும் கலந்துவிடும். துடுப்புவால் கரிச்சானும் அப்படிப் போலிக்குரல் எழுப்பும் என்பதால், பாட்டை மட்டும் நம்பிப் பெயர் எழுதாதீர்கள்.

பார்வையில் பட்டதும் நிறத்தைவிட வெள்ளை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இதுதான் முக்கியம். குண்டுகரிச்சானுக்கு இறக்கையில் வெள்ளைப் பட்டை உண்டு. சோலைபாடிக்கு இறக்கையில் வெள்ளையே கிடையாது. வால் தொடங்கும் இடத்துக்கு மேலே, இடுப்பில்தான் வெள்ளை. புதருக்குள் பாய்ந்து மறையும்போது அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும். ஆணுக்குத் தலை, முதுகு, மார்பு எல்லாம் மினுங்கும் கறுப்பு, வயிறு செங்காவி, வால் நீண்டு, ஓர இறகுகள் வெள்ளையாக இருக்கும். பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் சாம்பல் கலந்த பழுப்பு, வாலும் குட்டை. செந்நிற அரசவால் ஈப்பிடிப்பானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: அதற்கு முதுகு சிவப்பு, வயிறு வெள்ளை.

பிறகு நடத்தையைக் கவனியுங்கள். தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்ததும் வால் வெடுக்கென்று மேலே எழும்பும், அப்புறம் மெல்ல இறங்கும். சருகுக்குள் பூச்சி அசைந்தால் தரையில் குதித்துக் கொத்திவிட்டு மறுபடி கிளைக்கே போகும். மரப்பொந்தில் கூடு கட்டும், அடைகாப்பது பெண்.

கைபேசியில் இதன் பாட்டை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள், தயவுசெய்து. வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். வாயில் புழுவோடு நின்று கரகரவென்று கத்தினால், பக்கத்தில் கூடு இருக்கிறது என்று அர்த்தம். படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே பின்வாங்கிவிடுங்கள்.