எலக்ட்ரான் மோதலைப் பின்னோக்கி ஓட்டுவது எப்படி?

எலக்ட்ரான் மோதல் அணுவை எப்படிக் கிளர்த்துகிறது, அதாவது உயர் ஆற்றல் நிலைக்கு ஏற்றுகிறது என்று அறிய, அணுவை எலக்ட்ரானால் மோதிக் கிளர்த்தி, சிதறும் எலக்ட்ரானையும் வெளிவரும் ஃபோட்டானையும் ஒருசேரப் பிடிப்பது ஒரு வழி. இரண்டும் ஒன்றாகச் சிக்குவது அரிது. ஒரே கோணத்துக்கு நாள்கணக்கில் காத்துக் கிடக்க நேரும். 1970-களில் ஹெர்டலும் ஸ்டாலும் சோடியத்தில் செய்துகாட்டிய எதிர்வழியையே என் மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறேன். லேசரால் அணுவை முதலில் கிளர்த்துங்கள், பிறகு எலக்ட்ரானை விடுங்கள். கிளர்ந்த அணு தன் ஆற்றலை எலக்ட்ரானிடம் கொடுத்துவிட்டு, மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையான அடிநிலைக்கு இறங்கும். இது கிளர்த்தும் மோதலைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டியதுபோல. வந்ததைவிடக் கூடுதல் ஆற்றலோடு வெளியேறும் எலக்ட்ரானை எண்ணினால் போதும்.

எந்த அணு? பலரும் சோடியம் என்பார்கள். அதை ஆவியாக்கும் உலை எளிது. நான் கால்சியம் என்பேன். சோடியத்தின் அடிநிலை, அணுக்கருவின் தற்சுழற்சியால், 1772 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. லேசர் ஒன்றைக் கிளர்த்திக்கொண்டிருக்கும்போதே அணுக்கள் மற்றதில் போய் ஒளிந்துகொள்ளும். இயற்கைக் கால்சியத்தில் 97 விழுக்காடு கால்சியம்-40. அதன் அணுக்கருவுக்குத் தற்சுழற்சி கிடையாது, ஆகவே ஒளிய இடமும் கிடையாது. பதிலுக்கு உலையைக் கூடுதலாகச் சூடேற்ற வேண்டும், 422.7 நானோமீட்டர் நீல ஒளியும் வேண்டும். இது ஏற்கத்தக்க பேரம்தான்.

ஆற்றல் கணக்கைத் தாளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். இந்தக் கிளர்வுக்கு 2.93 எலக்ட்ரான் வோல்ட் தேவை. 40 எலக்ட்ரான் வோல்ட் (சுருக்கமாக, வோல்ட்) ஆற்றலுள்ள எலக்ட்ரான் கால்சியத்தைக் கிளர்த்தும் மோதலை ஆராய வேண்டுமானால், எலக்ட்ரான் துப்பாக்கியை 37.07-இலும், எலக்ட்ரான்களை ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் பகுப்பானை 40-இலும் வையுங்கள். 37.07-இல் மீட்சி மோதலின், அதாவது ஆற்றல் மாறாமல் சிதறிய எலக்ட்ரான்களின், பெரிய முகடு நிற்கும். டங்ஸ்டன் இழை உமிழும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவல் ஏறத்தாழ அரை வோல்ட்தான், எனவே இரண்டும் கலக்காது. லேசரை அட்டையால் மறைத்துப் பாருங்கள். 40-இல் எண்ணிக்கை குறையாவிட்டால், நீங்கள் எண்ணுவது வேறு எதையோ.

காந்தப்புலத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 50 மைக்ரோடெஸ்லா புவிப்புலத்தில் 10 வோல்ட் எலக்ட்ரான் 21 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைந்துபோகும். காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ உலோகக் கவசம் கட்டாயம். அறைக்குள் போகும் ஒவ்வொரு திருகையும் சோதியுங்கள். காந்தமற்ற எஃகு என்று விற்கப்படுவதும் கடைசலுக்குப் பிறகு காந்தமாவதுண்டு.

அணுக்கற்றை லேசருக்குச் செங்குத்தாகப் பாய வேண்டும். விநாடிக்கு 1000 மீட்டர் வேகத்தில் ஓடும் அணு ஒரு பாகை சாய்ந்தாலே நீல ஒளியில் டாப்ளர் விலகல் (அணுவின் ஓட்டத்தால் அது காணும் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) 41 மெகாஹெர்ட்ஸ். அந்தக் கோட்டின் இயல்பான அகலமோ 35 மெகாஹெர்ட்ஸ் அளவே. கற்றையை நெறிப்படுத்தும் துளைகளில் கஞ்சத்தனமாக இருங்கள். லேசர் புள்ளி எலக்ட்ரான் கற்றையைவிட அகலமாக இருக்கட்டும்.

இனி உண்மையான வேலை: ஒளியின் தளவிளைவு, அதாவது அதன் மின்புலம் அதிரும் திசை. லேசரைச் சிதறல் தளத்துக்குச் செங்குத்தாக அனுப்பி, தளவிளைவுத் திசையை 0, 45, 90, 135 பாகைகளில் வைத்தும், பின்னர் இடவட்டம், வலவட்டமாக மாற்றியும் எண்ணுங்கள். 0-வும் 90-உம் ஓர் இணை, 45-உம் 135-உம் அடுத்தது, வட்டங்கள் மூன்றாவது. ஒவ்வோர் இணையிலும் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால், மோதல் அணுவின் எலக்ட்ரான் மேகத்தை எந்த வடிவில், எந்தச் சாய்வில், எந்தச் சுழற்சியோடு விட்டிருக்கும் என்று தெரியும். சோடியமானால் இங்கே திருத்தக் காரணிகள் குறுக்கிடும்.

புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு: சுழியப் பாகை எது? துப்பாக்கியின் திசையைத்தான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பகுப்பானுக்குள் நுழையும் எலக்ட்ரானின் திசையே சரி. காலத்தைத் திருப்பினால் அதுதான் மோத வரும் எலக்ட்ரானின் பாதை. பகுப்பானை நகர்த்தினால் சுழியமும் கூடவே நகரும்.

நேர்த் தளவிளைவை வட்டமாக்கும் கால் அலைத் தட்டை எல்லா ஆடிகளுக்கும் பிறகு, சன்னலுக்குச் சற்று முன்னால் வையுங்கள். ஆடிகள் வட்டத் தளவிளைவை நீள்வட்டமாக்கிவிடும். இறுக்கி முடுக்கிய சன்னல் கண்ணாடியும் அப்படித்தான்.

மூலக்கூறுகளுக்கு இதே வழி எளிதில் வராது. கிளர்ந்த மூலக்கூறு பல அதிர்வு நிலைகளுக்குச் சிதறி இறங்குவதால் லேசர் அதை மீண்டும் மீண்டும் பிடிக்க முடியாது.

கடைசியாக ஒரு சோதனை. கற்றை அடர்த்தியானால் ஓர் அணு உமிழும் ஒளியை அடுத்த அணு விழுங்கி, தளவிளைவு கலைந்துபோகும். உலை வெப்பநிலையைக் குறைத்து அதே விகிதங்களை மறுபடி எடுங்கள். எண்ணிக்கை மட்டும் குறைந்து விகிதங்கள் அசையாமல் நின்றால் நீண்ட அளவீட்டைத் தொடங்கலாம். அசைந்தால் உலையை இன்னும் தணியுங்கள்.