வெப் செயலியில் ரிச் டெக்ஸ்ட் எடிட்டர்: தமிழில் தட்டினால்தான் தெரியும் தவறுகள்

கும்பகோணத்து ஊர்ச் செய்தித் தளமோ, திருவாரூர்ப் பக்கத்து உழவர் குழுவின் அறிவிப்புப் பக்கமோ, எதுவானாலும் கேட்பது ஒன்றுதான்: “எழுத ஒரு பெட்டி வேண்டும், போல்டு, படம், அட்டவணை எல்லாம் வரணும்.” குவில், டிப்டேப், டைனிஎம்சிஇ, சிகேஎடிட்டர் என்று ஆயத்த எடிட்டர்களில் எதை எடுத்தாலும் அரை மணியில் திரையில் வந்துவிடும். ஆங்கிலத்தில் நாலு வரி தட்டிப் பார்த்து, வேலை முடிந்தது என்று ஒப்படைப்பதுதான் முதல் தவறு. எழுதப் போகிறவர் போனில், தமிழில் எழுதப் போகிறார்.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் சாதாரண இன்புட் பெட்டியைக் கையாளும் பழக்கத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்பை ஸ்டேட்டில் (செயலியின் நினைவில்) வைத்து, அதையே மறுபடி எடிட்டருக்குள் திணிப்பவர்கள் அதிகம். ஆங்கிலத்தில் இது சமாளித்துப் போகும். தமிழில் போகாது. ‘கா’ என்பது கணினிக்கு ‘க’வும் கால் குறியும். ஆண்ட்ராய்டு கீபோர்டு ஒரு சொல்லை முழுதாகக் கட்டி முடிக்கும் வரை அதைத் தற்காலிகமாகவே வைத்திருக்கும். நடுவில் உள்ளடக்கத்தை மாற்றினால் கர்சர் வரியின் தொடக்கத்துக்குத் தாவும், அல்லது ‘காவிரி’ எழுதப் போய் ‘ககாகாவ’ என்று நிற்கும். தொடக்க உள்ளடக்கத்தை ஒரே ஒருமுறை கொடுங்கள். பிறகு எடிட்டரிடமிருந்து வாங்கிக்கொள்ள மட்டும் செய்யுங்கள், திருப்பித் தராதீர்கள். தட்டுவது நின்று அரை விநாடி கழித்து வாங்கினால் போதும்.

இதே காரணத்தால் எந்த விசை அழுத்தப்பட்டது என்று கீடவுன் நிகழ்வில் (விசை அழுந்தும் கணத்தில்) பார்த்து எழுதும் குறுக்குவழிகளும் போனில் பொய்க்கும். அங்கே பெரும்பாலும் எல்லா விசைக்கும் 229 என்ற ஒரே எண்தான் வரும். எழுத்து உள்ளே போகும் முன் வரும் பிஃபோர்இன்புட் நிகழ்வையும், கம்போசிஷன் (கீபோர்டு சொல்லைக் கட்டுவது) தொடங்கி முடியும் நிகழ்வுகளையும் கவனியுங்கள்.

டெவலப்மென்டில் டூல்பார் இரண்டாகத் தெரிகிறதா? ரியாக்டின் ஸ்ட்ரிக்ட் மோடு (பிழை பிடிக்கும் சோதனை முறை) எடிட்டரை உருவாக்கும் எஃபெக்டை இருமுறை ஓட்டிப் பார்க்கிறது; பழையதை அகற்ற வேண்டிய உங்கள் கிளீனப் பகுதி காலியாக இருக்கிறது. ஸ்ட்ரிக்ட் மோடை அணைப்பது தீர்வல்ல, பழைய எடிட்டரை ஒழுங்காக அகற்றுவதுதான் தீர்வு.

சத்தமில்லாமல் காணாமல் போகும் அட்டவணை

எங்கள் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் மோசம். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதே அதற்குக் காரணம்.

கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஒவ்வொன்றிலும் எத்தனை கனஅடி திறக்கப்பட்டது என்று நாள்வாரியாக ஓர் அட்டவணை பழைய பதிவில் இருக்கிறது என்று வையுங்கள். அதை டிப்டேப்பில் திறக்கிறீர்கள். டிப்டேப், புரோஸ்மிரர் என்ற எடிட்டர் கட்டமைப்பின் மேல் கட்டப்பட்டது. தன் ஸ்கீமா என்ற வகைப் பட்டியலில் இருப்பவற்றை மட்டுமே அறியும். அட்டவணைக்கான எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கவில்லை என்றால் அட்டவணை கலைந்து வெறும் வரிகளாக நிற்கும். யாரோ ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்ததும் அது டேட்டாபேஸிலும் போய்விடும். குவிலின் 1ஆம் பதிப்புக்கும் அட்டவணை தெரியாது. (குவில் தன் ஆவண வடிவத்துக்கு வைத்திருக்கும் பெயர் டெல்டா. பெயர்ப் பொருத்தத்தோடு சரி. நம் டெல்டாக்காரருக்கு வேண்டிய அட்டவணை அதில் இல்லை.)

ஆகவே எடிட்டரை மாற்றும் முன் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டால் புதிய எடிட்டருக்குள் ஏற்றி, வெளியே எடுத்து, எச்டிஎம்எல் டேக்குகளின் எண்ணிக்கையை முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். குறைந்த பதிவுகளை மட்டும் கண்ணால் பாருங்கள்.

டூல்பார் காவல்காரன் அல்ல

“டூல்பாரில் ஸ்கிரிப்ட் போடும் பட்டனே இல்லையே, பிறகென்ன?” என்று கேட்பதுண்டு. எடிட்டரைத் தொடாமலே உங்கள் சேமிப்பு முகவரிக்கு எவரும் நேரடியாக எச்டிஎம்எல் அனுப்பலாம். இல்லாத படத்தைக் காட்டச் சொல்லி, அது ஏற்றப்படாதபோது ஓடும்படி ஒரு ஸ்கிரிப்டை அந்தப் பட டேக்கிலேயே ஒட்டிவிட்டால், பதிவைத் திறக்கும் அட்மினின் கணக்கே கைமாறக்கூடும். பிரவுசரில் மட்டும் சுத்தம் செய்வது இதைத் தடுக்காது. சர்வரில் செய்யுங்கள்: நோடில் சானிடைஸ்-எச்டிஎம்எல், பிஎச்பியில் எச்டிஎம்எல் பியூரிஃபையர். அனுமதிக்கும் டேக்குகளைப் பட்டியலிட்டு மற்றதை எல்லாம் தள்ளுங்கள். தடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை.

அந்தப் பட்டியல் எடிட்டருக்குப் பொருந்த வேண்டும். எழுத்தை நடுவில் நிறுத்துவதை டைனிஎம்சிஇ ஸ்டைல் பண்பாக எழுதும். குவில் கிளாஸ் பெயராக எழுதும். இரண்டையும் கண்மூடித்தனமாக வெட்டினால், எடிட்டரில் நடுவில் நின்ற தலைப்பு தளத்தில் ஓரமாக ஒதுங்கும்.

எழுத்தா, பைட்டா?

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் டெக்ஸ்ட் வகை 65,535 பைட் கொள்ளும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (எழுத்தோ, கால், புள்ளி போன்ற குறியோ) 3 பைட். ஆக 21,845 குறியீடுகள்தான், அதிலும் டேக்குகள் பங்கு கேட்கும். மீடியம்டெக்ஸ்ட் வையுங்கள், 16 எம்பி வரை தாங்கும்.

‘தஞ்சாவூர்’ நமக்கு 5 எழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்துக்கு 9. முன்னோட்டத்துக்காக 150இல் வெட்டினால் சில நாள் புள்ளி பறிபோய் ‘திருவாரூர’ என்று முகப்பில் நிற்கும். ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் செக்மென்டரைக் கொண்டு எழுத்து எல்லையில் வெட்டுங்கள்.

பழைய டேட்டாபேஸ்களில் கேரக்டர் செட் வெறும் யூடிஎஃப்8 என்று இருந்தால் அது 3 பைட் வரைதான் ஏற்கும். சாதாரணத் தமிழுக்கு அது போதும் என்பதால் பல காலம் யாருக்கும் தெரியாது. குறுவை அறுவடைச் செய்தியில் ஒரு நெற்கதிர் எமோஜி வந்ததும் சேமிப்பு பிழையாகும், அல்லது மைஎஸ்கியூஎல்லின் ஸ்ட்ரிக்ட் மோடு (ரியாக்டினது வேறு) இல்லாத இடத்தில் எமோஜிக்குப் பின்னால் உள்ளதெல்லாம் துண்டிக்கப்படும். டெல்டாவில் இன்றும் நிலத்தை மாவிலும் வேலியிலும் சொல்கிறோம். 20 மா ஒரு வேலி. பழைய ஆவணங்களில் வரும் வேலி, குழி போன்ற குறிகள் 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் சேர்ந்தன. அவையும் 4 பைட். 4 பைட்டும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 தவிர வேறு வழியில்லை.

தேடல் தனிக் கதை. ‘கொள்முதல்’ என்பதில் உள்ள ‘கொ’வை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் பாதிப் பதிவுகள் வராது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் ‘ஸ்ரீரங்கம்’ தீராது: அதன் முதலெழுத்து ‘ஸ’விலும் தொடங்கலாம், ‘ஶ’விலும் தொடங்கலாம், என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது. அதற்கு நீங்களே ஒரு மாற்று விதி எழுத வேண்டும்.

பேஸ்ட்டும் படமும்

வேர்டிலிருந்து வரும் தேவையற்ற ஸ்டைல்களை எடிட்டர்கள் ஓரளவு களைந்துவிடும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வந்தால்தான் சிக்கல். எடிட்டர் எழுத்துருப் பெயரை நீக்கியதும் தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். பேஸ்ட் நிகழ்வில் எழுத்துருப் பெயரைப் பார்த்து, அது அழியும் முன்பே யூனிகோடுக்கு மாற்றுங்கள். பெயர் போனபின் ஊகிக்க வேண்டியதுதான்.

படத்தைக் குவில் இயல்பாகவே பேஸ்64ஆக (படத்தை எழுத்துகளாக்கும் முறை) உரைக்குள் திணிக்கும். 3 எம்பி போன் படம் 4 எம்பி எழுத்தாக மாறும். சர்வர் பக்கத்தில் எக்ஸ்பிரஸின் ஜேசன் வரம்பு இயல்பில் 100 கேபி, என்ஜின்எக்ஸில் 1 எம்பி. கிடைப்பது 413 பிழை, அதாவது ‘அனுப்பியது அளவுக்கு மீறியது’. வரம்பை உயர்த்துவது நோயை மறைப்பது. படத்தைத் தனியே ஏற்றி, முகவரியை மட்டும் உரையில் வையுங்கள். டூல்பார் பட்டனுக்கு மட்டும் இதைச் செய்துவிட்டு, பேஸ்ட்டையும் இழுத்துப் போடுவதையும் மறப்பவர்களே அதிகம்.

சாய்வெழுத்து பட்டனை எடுத்துவிடலாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லை; பிரவுசர் வலுக்கட்டாயமாகச் சாய்ப்பது படிக்கக் கொடுமை.

உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டைனிஎம்சிஇ 7ஆம் பதிப்பு முதல் ஜிபிஎல் (செயலியை விநியோகித்தால் மூலத்தையும் தரச் சொல்லும் உரிமம்). சிகேஎடிட்டர் 5 ஜிபிஎல் அல்லது கட்டண உரிமம். மூலத்தை மூடி விற்கும் செயலி என்றால் அந்தக் கட்டாயமில்லாத எம்ஐடி உரிமமுள்ள லெக்ஸிகல், டிப்டேப் மையப்பகுதி ஆகியவை தோது.

கடைசியாக வரைவு. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் போகும் ஊரில் சேமி பட்டனை மட்டும் நம்ப முடியாது. சில விநாடிக்கு ஒருமுறை லோக்கல் ஸ்டோரேஜில் வைப்பது எளிது. எல்லாப் பதிவுக்கும் ஒரே சாவிப் பெயரை வைத்துவிட்டால், மேட்டூர் நீர்மட்டச் செய்தியைத் திறந்ததும் நேற்றைய கோயில் திருவிழா வரைவு வந்து உட்காரும், அதைக் கவனிக்காமல் சேமித்தும் விடுவார்கள். சாவியில் பதிவின் எண்ணையும் பயனரின் எண்ணையும் சேருங்கள். சர்வரில் உள்ளதைவிட வரைவு புதிதாக இருந்தால் மட்டும், மீட்கவா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.