தியலுமா அருவியின் உச்சிக்கு ஒரு பகல் நடை: சென்னையிலிருந்து முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையே 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலுமா, அந்நாட்டின் இரண்டாவது உயரமான அருவியாகும். கொழும்புக்கு விமானச்சீட்டு எடுப்பதையும் மின்னணுப் பயண அனுமதி பெறுவதையும் இங்கே விளக்கப் போவதில்லை. முந்தைய இரவே அருகிலுள்ள மலையூர்களான எல்லவிலோ பண்டாரவளையிலோ தங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் சீட்டு எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

படி 1: மாதம்

அருவி என்றதும் நமக்குக் குற்றாலச் சீசன் நினைவுக்கு வருவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் பயணம் வைக்கத் தோன்றும். ஆனால் தென்மேற்குப் பருவமழை இலங்கையின் நடுமலைத் தொடரின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டிவிடுவதால், கிழக்கே, தியலுமா இருக்கும் ஊவா மாகாணப் பகுதி அந்த மாதங்களில் வறண்டிருக்கும், அருவியும் மெலிந்துவிடும். தியலுமாவைப் பெருகச் செய்வது, செம்பரம்பாக்கத்தையும் புழலையும் நிரப்பும் அதே வடகிழக்குப் பருவமழைதான். அதற்காக மழை உச்சத்தில் இருக்கும்போது போகவும் கூடாது. 2014 அக்டோபர் 29 அன்று, கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தை தோட்டத்தில் தொழிலாளர்களின் லயன் வீடுகளை (வரிசையாக ஒட்டிக் கட்டிய குடியிருப்புகளை) மண்சரிவு புதைத்த மலைச்சரிவுகள் இவை. மழை தணிந்தும் நீர் வற்றாமலும் இருக்கும் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரையிலான காலத்தையே நான் பரிந்துரைப்பேன். அப்போதும் மண்சரிவு எச்சரிக்கை உள்ளதா என்று முந்தைய நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எங்கிருந்து தொடங்குவது?

எனக்குத் தெளிவாவதற்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். தியலுமா என்ற ஒரே பெயரில் மக்கள் இரண்டு இடங்களைக் குறிப்பிடுகிறார்கள். ஒன்று, ஏ4 நெடுஞ்சாலையோரத்தில் அருவி வந்து விழும் அடிவாரம். மற்றொன்று, அருவியின் தலைப்பகுதியில் பாறைக்குழிகள் குளங்களாகத் தேங்கி நிற்கும் மேல் தியலுமா. கைப்பேசி வரைபடத்தில் பெயரை மட்டும் தட்டினால் எந்த இடத்துக்கு வழி காட்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆட்டோக்காரரிடம் வெறுமனே "தியலுமா" என்றால், அவர் உங்களை நெடுஞ்சாலையில் இறக்கிவிடக்கூடும். அங்கிருந்து குளங்கள் நேர் தலைக்கு மேலே இருக்கும்.

அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பாதை செங்குத்தானது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஏற வேண்டும், இறங்கும்போது கால் வழுக்கும். புதியவர்கள் மேற்புறமாக, பூனாகலை என்ற ஊரின் பக்கத்துச் சாலை வழியே சென்று, உயர்ந்த புல்வெளியின் ஊடே ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நடந்து குளங்களை அடைவதே நல்லது. வண்டியில் ஏறும் முன்பே "மேல் தியலுமா, குளங்கள் இருக்கும் இடம்" என்று சொல்லி, திரும்பும் பயணத்தையும் சேர்த்து வாடகை பேசிவிடுங்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் இருப்பதால் தமிழ் பேசுபவர்களைச் சந்திப்பீர்கள்; "அண்ணா, மேல் அருவிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

வரைபடத்துக்கு நான் பயன்படுத்துவது ஆர்கானிக் மேப்ஸ் என்ற கைப்பேசிச் செயலி. இணையம் இல்லாமல் இயங்குவதோடு ஒற்றையடிப் பாதைகளையும் காட்டுவதால், மலை நடைக்கு கூகுள் மேப்ஸைவிட அதையே விரும்புகிறேன். இலங்கை வரைபடத்தைச் சென்னையிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: பையில் என்ன இருக்க வேண்டும்?

நல்ல பிடிப்புள்ள காலணி, இரண்டு லிட்டர் தண்ணீர், சில்லறை நோட்டுகளாக இலங்கை ரூபாய். புல்லில் அட்டைகள் இருக்கும் என்பதால் நீண்ட காலுறையும் சிறிது உப்பும் தேவை. கடவுச்சீட்டை நனையாத உறையில் வையுங்கள். அவசர மருத்துவ ஊர்திக்கு 1990, காவல் துறைக்கு 119 ஆகிய எண்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 4: குளங்களில்

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கி, நண்பகலுக்குள் கிளம்பிவிடுங்கள். மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். விளிம்பிலிருந்து தள்ளியுள்ள குளங்களில் மட்டும் இறங்குங்கள். விளிம்புப் பாறை நீரால் வழவழப்பாகி, பாசியும் படிந்திருக்கும். அங்கே நின்று படம் எடுப்பதை யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகுகள் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று பொருள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் உடனே கரையேறி, நீரோட்டத்தைக் கடக்காமல் உயரமான பக்கத்துக்குச் செல்லுங்கள்.

மேலே இருக்கும்போது அருவியின் முழு உயரமும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே திரும்பும் வழியில் நெடுஞ்சாலைக்கு இறங்கி, அடிவாரத்திலிருந்தும் ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை: வயதான பெற்றோரை அழைத்துச் செல்லலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேற்புறப் பாதையும் சிரமமே. வெல்லவாயவிலிருந்து நெடுஞ்சாலை வழியே வந்தால் நடையின்றியே அருவியைப் பார்க்கலாம். தனியாகச் செல்வதாக எழுதியவர்களுக்கு: உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்; திரும்பும் நேரத்தைத் தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.