படிவுப் பாறையைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பழைய கல்குவாரிகளில், உடைத்த பாறை முகத்தில் சில இடங்களில் வரிவரியாகப் பட்டை ஓடும். ‘அடுக்கு இருக்கிறதே, அப்போ படிவுப் பாறைதான்’ என்று நோட்டில் எழுதிக்கொள்ளும் மாணவர்கள் நிறைய. அது சார்னோக்கைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருவான பாறை. அந்த வரிகளைப் போட்டது வெப்பமும் அழுத்தமும்தான். தண்ணீருக்கு அதில் பங்கில்லை.

பட்டையை விட்டுவிட்டு மணியை, அதாவது பாறையை ஆக்கியிருக்கும் துகளை, பாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். ஆனால் புதிதாக உடைந்த முகத்தில் பார்க்க வேண்டும். வெயிலும் மழையும் தின்ற மேல்தோல் ஏமாற்றும். மணற்கல்லில் மணிகள் தனித்தனியாக, பெரும்பாலும் முனை மழுங்கி, நடுவே ஒட்டுப்பொருளோடு இருக்கும். சார்னோக்கைட்டில் படிகங்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நேரெதிரான தவறு சமையலறையில் நடக்கிறது. கடப்பா கல் கறுப்பாக, வழவழப்பாக இருப்பதால் அதையும் கிரானைட் வகையில் சேர்த்துவிடுகிறோம். அது தண்ணீருக்கடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் மங்கிப்போவது அதனால்தான். சோதித்துப் பார்க்க வேண்டுமா? உடைந்த துண்டு ஒன்றை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி வரும். முழுக் கல்லின் மேல் விட்டுவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. வினிகர் பலவீனமான அமிலம். பொடிக்குத்தான் அதோடு சேரும் பரப்பு அதிகம்.

‘மேலே பாரம் ஏறினால் மணல் கல்லாகிவிடும்’ என்பது பாடப்புத்தகச் சுருக்கத்தால் வந்த பாதி உண்மை. சேறு விஷயத்தில் பாரத்துக்குப் பெரிய வேலை உண்டு. புதுச் சேற்றின் கன அளவில் 60 முதல் 80 சதவீதம் தண்ணீர்தான். அதைப் பிழிந்து வெளியேற்றினால் களிப்பாறைக்குப் பாதி வழி வந்தாயிற்று. மணலில் காலியிடம் சுமார் 40 சதவீதம். மணிகள் கெட்டியானவை, எவ்வளவு அமுக்கினாலும் கொஞ்சம்தான் நெருங்கும். கட்டடம் கட்டுகிற இடத்தில் கொட்டிக் கிடக்கும் மணல் தானாகச் சுவராவதில்லை, சிமென்ட் வேண்டும். இயற்கையில் நிலத்தடி நீர் கரைத்துக் கொண்டுவரும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், சிலிக்கா, இரும்பு ஆக்சைடு ஆகியவைதான் அந்தச் சிமென்ட். (நாம் மூட்டையில் வாங்கும் அரியலூர் சிமென்ட்டும் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதுதான்.)

அதிகம் பேர் சறுக்கும் இடம் காலக் கணக்கு. தடிமனான அடுக்கு நீண்ட காலம், மெல்லிய அடுக்கு குறைந்த காலம் என்று அளக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளுக்குள் ஓரிரு நாளில் சேறு படிந்ததைச் சென்னை பார்த்திருக்கிறது. பெரிய வெள்ளம் ஒன்று ஒரே மூச்சில் 1 மீட்டர் மணலைக்கூடக் கொட்டிவிட்டுப் போகும். நடுக்கடலின் ஆழத்தில் செங்களி 1 செ.மீ. சேர ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகலாம்.

அதைவிட மோசம், அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் கோட்டைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் களிப்பாறை, செடிகளின் இலைத்தடம் பதிந்த பாறை, 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டது. அது பழைய படிகப் பாறையின் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடுதான் தெரியும். கோட்டின் தடிமன் பூஜ்யம். அதற்குள் போனது 200 கோடி ஆண்டுகளுக்கு மேல். அந்தக் காலத்தில் ஒன்றும் படியவில்லை, அல்லது படிந்தது அரித்துப் போய்விட்டது. குறிப்பேட்டில் அடுக்குகளை வரையும்போது அந்தக் கோட்டை நெளிகோடாக வரைவது அதற்காகத்தான்.

மணியின் வயதைப் பாறையின் வயதாக எடுத்துக்கொள்வதும் இதன் உறவுதான். ஆஸ்திரேலியாவின் ஜேக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டுப் பழமையான சிர்கான் (எளிதில் அழியாத ஒரு கனிமம்) மணிகள் கிடைத்தன. பூமியிலேயே உருவான கனிமத் துணுக்குகளில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை அவை. ஆனால் அவற்றைச் சுமக்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழையது. மெரினா மணல் நாளைக்கே கல்லாகிவிட்டால், அதிலுள்ள பழைய சிர்கான்களும் கோடிக்கணக்கில்தான் வயது சொல்லும், கல் பிறந்தது நாளைக்கு என்றாலும். மணிகளில் ஆக இளையதை விடப் பாறை மூத்ததாக இருக்க முடியாது. சிர்கான் தருவது அந்த எல்லையை மட்டும்தான். சரியான தேதிக்கு அடுக்கின் நடுவே விழுந்த எரிமலைச் சாம்பலையோ, காலம் தெரிந்த புதைபடிவத்தையோ தேட வேண்டும்.

புதைபடிவமும் இடத்தைப் பற்றிப் பொய் சொல்லும். திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களைப் பார்த்ததும் ‘இங்கே காடு இருந்தது’ என்று தோன்றும். அடிமரங்கள் வேரில்லாமல், கிளையில்லாமல் படுத்துக் கிடப்பதைக் கவனியுங்கள். ஆறு எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்டவை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் மரம் கிடப்பது கடற்படிவில். நின்ற நிலையில், வேர் மண்ணோடு இருந்தால் மட்டுமே அந்த இடத்துக் காடு என்று சொல்லலாம். இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். துண்டு எடுத்துப் பையில் போடாதீர்கள்.

இந்தத் தவறுகள் எல்லாம் செவ்வாய்க்கும் பொருந்தும். படத்தில் அடுக்கு தெரிந்தவுடன் ‘அங்கே தண்ணீர்’ என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். காற்றும் அடுக்கும், எரிமலைச் சாம்பலும் அடுக்கும். 2012 செப்டம்பரில் செவ்வாயின் கேல் பள்ளத்திலிருந்து நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி அனுப்பிய படங்களில் ஆற்றைக் காட்டிக்கொடுத்தது அடுக்கு அல்ல, மழுங்கிய கூழாங்கற்கள். அந்த அளவுக் கல்லைக் காற்றால் தூக்க முடியாது. அதே பள்ளத்தில் ஏரிச்சேறு இறுகிய களிப்பாறையின் மேல் ஓர் அரிப்புக்கோடு ஓடுகிறது. அதற்கு மேலே, பெரிய சாய்வு அடுக்குகளோடு, காற்று குவித்த மணல்மேடு கல்லாகி நிற்கிறது. கீழே ஏரி, மேலே பாலைவனம், நடுவே கோடு.