இஸ்லாமையும் மார்மன் சபையையும் ஒப்பிடும் கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகமக் கல்லூரியில் ஒப்பியல் சமயப் பாடத்திற்கு வரும் கட்டுரைகளைத் திருத்தும்போது, என் தலைமுறை மாணவர்கள் எழுதிய அதே வாதங்கள் புதிய கையெழுத்தில் திரும்பி வருவதைக் காண்கிறேன். ஆண்டுப் பிழைகளும் பெயர்ப் பிழைகளும் படிக்கப் படிக்கத் தாமே திருந்திவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

தூதனையும் நூலையும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது

பெரும்பாலோர் கலாத்தியர் 1:8-இல் தொடங்குகிறார்கள். வானத்திலிருந்து வரும் தூதனே வேறொரு சுவிசேஷத்தை அறிவித்தாலும் அவன் சபிக்கப்பட்டவன் என்று பவுல் சொல்லும் அந்த வசனத்தின் கீழே, கி.பி. 610 அளவில் ஹிரா குகையில் முகம்மது நபியிடம் வந்த ஜிப்ரீல் (காபிரியேல்) தூதனை ஒரு பக்கமும், 1823-இல் நியூயார்க் மாநிலத்தில் மார்மன் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்குத் தோன்றிய தூதன் மரோனியை மறுபக்கமும் நிறுத்துகிறார்கள். அடுத்த வரியில் குர்ஆனும் மார்மன் புஸ்தகமும் வருகின்றன. அதற்கடுத்து 622-இல் மதீனாவுக்கும் 1847-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கும் நிகழ்ந்த இடப்பெயர்ச்சிகள். பட்டியல் முடிந்ததும் தீர்ப்பும் முடிந்துவிடுகிறது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான், ஏனெனில் பட்டியலில் உள்ள ஒற்றுமைகளே சோதனைக்கு நிற்பதில்லை. ஜிப்ரீல் என்றும் மனிதராக வாழ்ந்தவர் அல்லர்; மரோனியோ, மார்மன் சபையாரின் நம்பிக்கைப்படி, பழைய அமெரிக்காவில் வாழ்ந்து மரித்து உயிர்த்தெழுந்த ஒரு தீர்க்கதரிசி. குர்ஆன் இறைவனின் சொல்லாகவே ஓதப்படுகிறது. மார்மன் புஸ்தகம் மனிதர்கள் எழுதிவைத்த பதிவுகளை ஸ்மித் தேவ வல்லமையால் மொழிபெயர்த்ததாக 1830-இல் வெளிவந்தது. மதீனாவுக்கு நபி தாமே சென்றார். சால்ட் லேக் பயணத்தை நடத்தியவர் ஸ்மித்துக்குப் பின் சபையை வழிநடத்திய பிரிகாம் யங்; ஸ்மித் 1844-இலேயே கொல்லப்பட்டிருந்தார்.

இந்தப் பட்டியலை நம்பிப் போன ஒரு மாணவன், பெங்களூரில் மார்மன் சபையின் இளம் ஊழியர்கள் இருவரைச் சந்தித்தபோது, முஸ்லிம்களிடம் பேசுவதற்கென்று தொகுத்து வைத்திருந்த வசனங்களையே எடுத்து, இயேசு தேவகுமாரன் என்றும் அவர் சிலுவையில் மெய்யாகவே மரித்தார் என்றும் நெடுநேரம் நிரூபித்தான். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆமென் என்றார்கள். அதற்குமேல் பேச அவனிடம் எதுவும் இல்லை.

குர்ஆனின் சூரா (அதிகாரம்) 4:157 சிலுவை மரணத்தை மறுக்கிறது, சூரா 112 இறைவன் எவரையும் பெறவில்லை என்கிறது. ஆகவே முஸ்லிமோடு நடக்கும் உரையாடல் கிறிஸ்துவின் குமாரத்துவத்தையும் சிலுவையையும் சுற்றியே அமையும். மார்மன் சபையோ (முறையான பெயர்: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை) இவ்விரண்டையும் ஏற்கிறது. ஆனால் பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு என்றும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகியோர் நோக்கத்தில் மட்டும் ஒன்றாக உள்ள தனித்தனி நபர்கள் என்றும், ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பு நிகழவில்லை என்றும் அது போதிக்கிறது. கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் ஒன்று இறைவனின் ஒருமையைக் காக்கும் பொருட்டுக் குமாரனை மறுக்கிறது. மற்றொன்று குமாரனை அறிக்கையிட்டுக்கொண்டே அந்த ஒருமையைத் தளர்த்துகிறது. இரண்டுக்கும் ஒரே பதில் எப்படிப் பொருந்தும்?

பழைய பிரசங்கத்தை இன்றைய உபதேசமாகக் காட்டுவது

இஸ்லாத்தில் முகம்மது நபியோடு நபித்துவம் முற்றுப்பெற்றது. மார்மன் சபையிலோ தலைவரே வாழும் தீர்க்கதரிசி; அவர் வழியே வரும் புதிய வெளிப்பாடு பழையதை மாற்றக்கூடும். 1978-இல் கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் திறக்கப்பட்டதும் அப்படி அறிவிக்கப்பட்ட வெளிப்பாட்டினால்தான். எனவே பிரிகாம் யங்கின் ஒரு பிரசங்கத்தை மேற்கோள் காட்டிவிட்டு வாதம் முடிந்தது என்று எண்ணுவது பயனற்றது.

பலதார மணத்தில் தொடங்குவது

வேண்டாம். பல மனைவியரைக் கொண்ட யாக்கோபும் தாவீதும் நம் வேதத்தில்தான் இருக்கிறார்கள்.

இரண்டும் ஒரே தொலைவில் நிற்பதாக எண்ணுவது

இஸ்லாம் தன்னைத் திருச்சபை என்று சொல்லிக்கொள்வதில்லை. மார்மன் சபை தானே மீட்டெடுக்கப்பட்ட திருச்சபை என்கிறது. அதனால்தான் அச்சபையின் ஞானஸ்நானம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. 2001-இல் வத்திக்கான் செல்லாது என்று விடையளித்தபோது, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் பெயர்கள் அங்கே உச்சரிக்கப்பட்டாலும் அவற்றால் குறிக்கப்படும் கடவுள் நம்பிக்கை வேறு என்பதையே காரணமாகக் கொண்டது. அந்த விடைக்கு மரோனி தேவைப்படவில்லை.